தொண்ணூறு நாள் விருந்தாளி: தாய்லாந்தின் ஓய்வுக்கால நீட்டிப்பை ஒன்பது முறை வாங்கியவனின் மதிப்புரை

தாய் மொழியில் இந்தியர்களைக் குறிக்க ஒரு சொல் இருக்கிறது: ‘கேக்’. தின்னும் பண்டத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. விருந்தாளி என்று பொருள். பாங்காக்கின் சீலோம் பகுதியில் 19-ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயிலை உள்ளூர்க்காரர்கள் ‘வாட் கேக்’ என்றுதான் சொல்வார்கள். விருந்தாளிகளின் கோயில். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். இந்த நாட்டில் 31 ஆண்டுகளாக விருந்தாளியாக உட்கார்ந்திருக்கிறேன், மருந்தும் இங்கேதான் சாப்பிடுகிறேன்.

நான் மதிப்பிடப்போவது இந்த விருந்தின் கடைசிப் பந்தியை. 50 வயது நிறைந்த வெளிநாட்டவருக்குத் தாய்லாந்து ஆண்டுதோறும் தரும் தங்கல் நீட்டிப்பு அது. ஊரில் எல்லோரும் ‘ரிடையர்மென்ட் விசா’ என்பார்கள். உண்மையில் விசா அல்ல, ஏற்கெனவே இருக்கும் அனுமதியை ஓராண்டு தள்ளிப்போடும் ஒரு முத்திரை. நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் 22 ஆண்டு வேலை பார்த்துவிட்டு 2016 டிசம்பரில் ஓய்வு பெற்றபோது முதல் முத்திரை வாங்கினேன். கடந்த டிசம்பரில் ஒன்பதாவது. வருகிற டிசம்பரில் பத்தாவது வாங்குவதா, மூட்டை கட்டுவதா என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பேச்சின் நடுவே எழுதுவதால் இது பாரபட்சமற்ற மதிப்புரை என்று சொல்லமாட்டேன்.

விலையிலிருந்து தொடங்கலாம். கட்டணம் 1,900 பாட். ஒன்பது முறையும் அதே 1,900. நான் இங்கே வாங்கும் பொருள்களில் விலை ஏறாதது இது ஒன்றுதான். ஆனால் கட்டணம் என்பது திருமண வீட்டில் எழுதும் மொய் மாதிரி, உண்மையான செலவு வேறு இடத்தில் இருக்கிறது. வங்கியில் என் பெயரில் 8 லட்சம் பாட் இருக்க வேண்டும். அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். அல்லது இரண்டும் கலந்து ஆண்டுக்கு 8 லட்சம் தேற வேண்டும். எனக்கு மாத ஓய்வூதியம் என்று பெரிதாக எதுவும் இல்லாததால் 8 லட்சம் வழிதான்.

முதல் இரண்டு ஆண்டுகள் இது எளிதாக இருந்தது. விண்ணப்பத்துக்கு முன் சில மாதம் பணம் கணக்கில் கிடந்தால் போதும், முத்திரை விழுந்த மறுநாள் எடுத்துச் செலவழிக்கலாம். 2019 மார்ச்சில் விதி மாறியது. விண்ணப்பிக்கும் முன் 2 மாதம், முத்திரை விழுந்த பின் 3 மாதம் 8 லட்சமும் அசையக் கூடாது. மீதி ஏழு மாதத்திலும் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. இதன் பொருளை நான் புரிந்துகொள்ளச் சில ஆண்டுகள் ஆயின. அந்த 4 லட்சம் இனி என் பணம் அல்ல. நான் இந்த நாட்டை விட்டுப் போகும் நாளில், அல்லது உலகத்தை விட்டுப் போகும் நாளில்தான் அதற்கு விடுதலை.

புரிய வைத்தது 2021 ஜனவரி. என் மனைவிக்குப் பித்தப்பையில் கல். நள்ளிரவில் வலி தாங்காமல் தனியார் மருத்துவமனைக்குப் போனோம், மறுநாள் அறுவைச் சிகிச்சை. ரசீது 1,87,000 பாட். முத்திரை விழுந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. பாஸ்புக்கில் 8 லட்சத்துச் சொச்சம் இருக்கிறது. தொட்டால் அடுத்த ஆண்டு நீட்டிப்பு போய்விடும். சொந்தப் பணத்தைப் பூட்டி வைத்துவிட்டுக் கடன் கேட்க உட்கார்ந்தேன். ஆலையில் என்னோடு வேலை பார்த்த தாய்க்காரர் ஒருவர், ரிங் ஃபிரேம் என்ற நூற்பு இயந்திரப் பகுதியின் மேற்பார்வையாளராக இருந்தவர், மோட்டார் சைக்கிளில் வந்து பிளாஸ்டிக் பையில் பணத்தைக் கொடுத்துவிட்டு, ரசீது கூடப் பார்க்காமல் போனார். மார்ச்சில் பூட்டு பாதி திறந்ததும் திருப்பிக் கொடுத்தேன். இந்த நாட்டைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் அந்தப் பாஸ்புக்கும் அந்தப் பிளாஸ்டிக் பையும் சேர்ந்தே நினைவுக்கு வரும்.

சேவையின் தரத்துக்கு வருகிறேன். டி.எம். 7 படிவம், ஒரு புகைப்படம், பாஸ்போர்ட் நகல்கள், வங்கிக் கடிதம், பாஸ்புக் நகல், வீட்டுக்குப் போகும் வழி வரைபடம். பாஸ்புக்கில் விண்ணப்ப நாளன்றே ஒரு வரி பதிவாகியிருக்க வேண்டும் என்பார்கள். அதற்காகக் காலையில் வங்கி இயந்திரத்தில் 100 பாட் போட்டு, புத்தகத்தில் அச்சடித்துக்கொண்டு ஓடுவது வழக்கம். என்னைப் போன்ற நரைத்த தலைகள் நாலைந்து அந்த இயந்திரத்தின் முன் நூறு பாட் தாளோடு நிற்பதைப் பார்த்தால் அன்று யாருக்கெல்லாம் முத்திரை நாள் என்று தெரிந்துவிடும்.

என்னைப் போன்ற தமிழருக்கு வரும் தொல்லை ஒன்று உண்டு, பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயர் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. கணக்குத் திறந்த வங்கிக் கிளையில் அதை முன்னால் தூக்கிப் போட்டுவிட்டார்கள். மூன்றாவது ஆண்டு குடிநுழைவு அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் அதிகாரி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “லுங், இந்தப் பணம் உங்கள் அப்பாவுடையது போலிருக்கிறதே” என்றார். லுங் என்றால் பெரியப்பா. அவர் குரலில் கேலி இல்லை, உண்மையான சந்தேகம். 1979-இல் காலமான என் அப்பா தன் ஆயுளில் ஒரு நாள்கூட 8 லட்சத்தைப் பார்த்ததில்லை. வங்கிக்குத் திரும்பிப் போய், இரண்டும் ஒரே ஆள்தான் என்று கடிதம் வாங்கிவந்தேன். அந்தக் கடிதத்தின் நகல் இன்றுவரை என் கோப்பில் முதல் தாள்.

ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்: தாள்கள் சரியாக இருந்தால் இவ்வளவு முறையாக நடக்கும் அரசு அலுவலகத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. காலை எட்டரைக்கு டோக்கன், பதினொன்றுக்குள் வேலை முடிந்துவிடும். யாரும் கை நீட்டியதில்லை, யாரும் குரலை உயர்த்தியதில்லை. 8 லட்சத்தைத் தாங்களே போட்டு எடுத்து முத்திரை வாங்கித் தருகிறோம் என்று ஏஜெண்டுகள் சிலர் வலம் வருவார்கள். அந்தப் பக்கம் போகாதீர்கள். இல்லாத பணத்தைக் காட்டி வாங்கும் முத்திரை, அடுத்த விதிமாற்றம் வரும் நாளில் கழுத்தைப் பிடிக்கும்.

முத்திரையோடு இலவச இணைப்பாக வருவது தொண்ணூறு நாள் அறிக்கை. நாட்டில் தொடர்ந்து 90 நாள் இருந்தால், இந்த முகவரியில்தான் இருக்கிறேன் என்று டி.எம். 47 படிவத்தில் சொல்ல வேண்டும். 15 நாள் முன்னதாகவே கொடுக்கலாம், தேதி தாண்டி 7 நாள் வரை பொறுப்பார்கள், அதற்கு மேல் போனால் 2,000 பாட் அபராதம். அதிகாரி ஒரு சிறு சீட்டைப் பாஸ்போர்ட்டில் பின் அடித்துத் தருவார். நாட்டை விட்டுப் போய் வந்தால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. போவதற்கு முன் மறுநுழைவு அனுமதி வாங்க மறந்தால் நீட்டிப்பே செத்துவிடும். ஒரு முறைக்கு 1,000 பாட், பல முறைக்கு 3,800. நான் மறந்ததில்லை. தன் வீட்டில் வெளிநாட்டவர் தங்கியிருக்கிறார் என்று வீட்டு உரிமையாளர் டி.எம். 30 படிவத்தில் தனியாகத் தகவல் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டுக்காரம்மாவை நாங்கள் ‘பா’ என்போம், பெரியம்மா என்று பொருள். அவர் அதை ஒரு விரதம் போலச் செய்கிறார். 

எங்களைவிட வசதியானவர்களுக்கு வேறு பந்தி இருக்கிறது. 2022 செப்டம்பரில் பத்தாண்டு விசா ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஓய்வுபெற்றவர் ஆண்டுக்கு 80,000 டாலர் வருமானம் காட்டினால் கிடைக்கும், தொண்ணூறு நாள் தொல்லையும் இல்லை. படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். 

உண்மையில் நான் வாங்கியிருக்க வேண்டிய பொருள் இது எதுவுமில்லை. நிரந்தர வசிப்பு அனுமதி. ஒரு நாட்டவருக்கு ஆண்டுக்கு 100 பேர் என்று வரம்பு. வேலை அனுமதியோடு தொடர்ந்து மூன்று ஆண்டு இருந்தவர் விண்ணப்பிக்கலாம். மனுக் கட்டணம் 7,600 பாட், கிடைத்தால் 1,91,400 பாட். அதை வாங்கியவர்களுக்கு ஆண்டு முத்திரை இல்லை, தொண்ணூறு நாள் சீட்டு இல்லை, பூட்டிய 8 லட்சம் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கதவு மூடிவிடும். நான் 1997 முதல் 2016 வரை அந்தக் கதவின் முன்னால் நடந்துகொண்டுதான் இருந்தேன். தட்டாததற்குக் காரணம், ஒவ்வொரு பொங்கலுக்கும் நாங்கள் சொல்லிக்கொண்ட ஒரே வாக்கியம்: “அடுத்த வருடம் போய்விடலாம்.” 1997 ஜூலை 2 அன்று பாட்டை மிதக்க விட்டார்கள். டாலருக்கு 25 ஆக இருந்தது அடுத்த ஜனவரியில் 50-ஐத் தாண்டியது. என் சம்பளத்தின் மதிப்பு ஆறு மாதத்தில் பாதியானது. அப்போதுகூட, மதிப்பு ஏறட்டும், ஏறியதும் போய்விடலாம் என்றோம். ஏறியபின், இவ்வளவு ஏறியிருக்கும்போது யார் போவார்கள் என்றோம். வேலையில் இருக்கும் வயதில் இதைப் படிப்பவர்கள், இந்த மதிப்புரையில் வேறெதையும் நினைவில் வைக்காவிட்டாலும், அந்த மனுவைப் போடுங்கள்.

இருப்பதா போவதா என்ற கணக்கில் என்னை இங்கே பிடித்து வைத்திருப்பது மருந்து. தாய்லாந்துச் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் தொழிலாளியாக நான் பணம் கட்டினேன். வேலையை விட்டபின் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் 39-ஆவது பிரிவின் கீழ் நாமே தொடரலாம். மாதம் 432 பாட். அதற்கு ஒதுக்கப்பட்ட மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். 2022-இல் எனக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். ரசீதில் நான் கட்ட வேண்டிய இடத்தில் சுழி. காலை ஆறு மணிக்கு வரிசையில் நின்று பதினொன்றுக்கு மருத்துவரைப் பார்க்கும் மருத்துவமனைதான். அந்த ஐந்து மணி நேரத்தை நான் சம்பளமாகக் கொடுப்பதாக நினைத்துக்கொள்கிறேன். 

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பத்துப் பேரில் ஒருவருக்குக்கூடத் தெரிவதில்லை. 180 மாதம் கட்டியவருக்கு முதுமை ஓய்வூதியம் உண்டு. நான் கணக்குப் போட்டபோது இருந்த விதிப்படி, கடைசி 60 மாதச் சராசரி ஊதியத்தில் 20 விழுக்காடு, 180-க்கு மேல் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் 1.5 விழுக்காடு கூடுதல். ஊதிய உச்சவரம்பு அப்போது 15,000 பாட். இந்த ஓய்வூதியக் கணக்கில் பதினெட்டு ஆண்டு கட்டிய நான் 2016-இல் வெளியேறியிருந்தால் 24.5 விழுக்காடு, மாதம் 3,675 பாட் ஆயுள் முழுவதும். 39-ஆவது பிரிவில் தொடர்ந்ததால் என் ‘ஊதியம்’ 4,800 என்று கணக்காகிறது. இன்றுவரை 27 ஆண்டு. விழுக்காடு 38 ஆக ஏறிவிட்டது, ஆனால் 4,800-இல் 38 விழுக்காடு 1,824 பாட். ஒன்பது ஆண்டு கூடுதலாகக் கட்டி ஓய்வூதியத்தைப் பாதியாக்கிக்கொண்டிருக்கிறேன். அதுவும் திட்டத்தில் தொடரும்வரை கைக்கு வராது. ஸ்டென்ட்டின் விலையை நினைத்துச் சமாதானம் அடைகிறேன். இந்தியா போனால் இலவசச் சிகிச்சை இங்கேயே நின்றுவிடும், 1,824 மட்டும்தான் என்னோடு வரும்.

அங்கே என்ன இருக்கிறது என்றும் பார்த்தேன். 65 வயதுக்கு மேற்பட்டோருக்கும் மருத்துவக் காப்பீடு விற்க வேண்டும் என்று 2024 ஏப்ரலில் விதி வந்துவிட்டது. ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்பு அதிகபட்சம் மூன்று ஆண்டு. 70 நிறைந்தவர்களுக்கு வருமானம் பாராமல் 5 லட்சம் ரூபாய் வரை அரசுக் காப்பீடு 2024 அக்டோபரில் தொடங்கியது. எனக்கு 67. ஆக, இன்று போனால் ஸ்டென்ட் வைத்த நெஞ்சோடு மூன்று ஆண்டு நூல் மேல் நடக்க வேண்டும். எழுபதில் போகலாமே என்று ஒரு மனம் சொல்கிறது. எழுபதில் யார் பெட்டி தூக்குவது என்று இன்னொரு மனம் கேட்கிறது.

வரியைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். ஆண்டில் 180 நாள் இங்கே இருப்பவர் வெளிநாட்டு வருமானத்தை உள்ளே கொண்டுவந்தால், 2024 ஜனவரி 1 முதல் அது எந்த ஆண்டில் ஈட்டியதானாலும் வரிக்கணக்கில் சேரும். 2024-க்கு முன் ஈட்டியதற்கு விலக்கு. ஆகவே 2023 டிசம்பர் 31 தேதியிட்ட வங்கி அறிக்கையை யாரும் தொலைத்துவிட வேண்டாம். 65 தாண்டியவருக்கு 1,90,000 பாட் கழிவு இருப்பதால் என்னைப் போன்றவருக்குப் பயப்பட ஒன்றுமில்லை. இந்தியப் பக்கம், பல்லாண்டு கழித்துத் திரும்புபவருக்கு இரண்டு மூன்று ஆண்டு ‘சாதாரணமாக வசிக்காதவர்’ என்ற இடைநிலை கிடைக்கும், வெளிநாட்டு வருமானத்துக்கு அங்கே அந்தக் காலத்தில் வரி இல்லை. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் ரூபாய் வரை போடலாம், ஆனால் திரும்பி வந்தவருக்கே, வெளிநாட்டில் வசிப்பவருக்கு அனுமதி இல்லை. மொத்தத்தில் பணம் எந்தப் பக்கமும் தட்டைச் சாய்க்கவில்லை. பணம்தான் முடிவு செய்யும் என்று நினைத்து மூன்று மாதம் கணக்குப் போட்டேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

புகை கொஞ்சம் சாய்க்கிறது. நாங்கள் இருப்பது வட தாய்லாந்து. பிப்ரவரி இறுதியிலிருந்து ஏப்ரல் பாதிவரை காட்டுத்தீயும் வயல் எரிப்பும் சேர்ந்து மலையே தெரியாது. 22 ஆண்டு பஞ்சுத் தூசி குடித்த நுரையீரல் எனக்கு. அந்த ஏழெட்டு வாரம் சன்னலைச் சாத்திக்கொண்டு காற்றுச் சுத்திகரிப்பானின் முன் இரண்டு பேரும் பூனைகளைப் போல உட்கார்ந்திருப்போம். 

2020-ஐ எந்தத் தட்டில் வைப்பது என்று இன்னும் தெரியவில்லை. மார்ச் 23 முதல் இந்தியாவுக்கு வெளிநாட்டு விமானம் நின்றது. ஏப்ரல் தொடக்கத்தில் தாய்லாந்தும் மூடிக்கொண்டது. மே மாதம் அண்ணன் போய்விட்டார். கைபேசியில் பார்த்தேன். படம் நடுவில் உறைந்து, மறுபடி ஓடத் தொடங்கியபோது எல்லோரும் கலைந்து போய்க்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு ஓராண்டு வீட்டில் யாரும் “அடுத்த வருடம்” என்ற சொல்லை எடுக்கவில்லை.

இந்த ஆண்டு ஜனவரியில், முடிவெடுக்கும் முன் ஒத்திகை பார்ப்போம் என்று ஆறு வாரம் இந்தியாவில் வாடகை வீடு எடுத்துத் தங்கினோம். அங்கே நான் கண்டது, நான் தேடிப்போனது அல்ல. மூன்றாம் நாள் என் மனைவி தனியாக வங்கிக்குப் போனாள், எரிவாயு இணைப்புக்குப் பேசினாள், மருத்துவமனையில் தன் சர்க்கரைச் சோதனையை முடித்துக்கொண்டு வரும் வழியில் தையற்காரரிடம் சண்டையும் போட்டுவிட்டு வந்தாள். நான் கைபேசியில் வரும் ஆறு இலக்க எண்ணை எதிர்பார்த்து வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தேன். தாய்லாந்தில் இதற்கு நேர்மாறு. இங்கே படிவம், வங்கி, ஜன்னல் எல்லாம் நான். அவள் சந்தைத் தாய் மொழியை என்னைவிடச் சரளமாகப் பேசுவாள், ஆனால் எழுத்து தெரியாது. முப்பது ஆண்டாக ஒரு கையெழுத்து தவிர அவளிடம் இந்த நாடு எதையும் கேட்டதில்லை. கேட்க நான் விட்டதில்லை.

ஒன்பது ஆண்டு பயன்படுத்தியபின் இந்தச் சேவையில் நான் கண்ட பெரிய ஓட்டை அப்போதுதான் உறைத்தது. என் மனைவிக்குத் தனி நீட்டிப்பு இல்லை. என்னைச் சார்ந்தவர் என்ற முறையில், திருமணச் சான்றிதழும் அதன் மொழிபெயர்ப்பும் முத்திரை மேல் முத்திரையுமாகக் காட்டி, என் நீட்டிப்பின் வாலில் கட்டி வாங்குவது. இரண்டாவது 8 லட்சம் வேண்டாம் என்பதால் இதை ஒரு சலுகையாக நினைத்து மகிழ்ந்திருந்தேன். நான் போய்விட்டால் வாலும் போய்விடும். 8 லட்சம் என் ஒருவன் பெயரில் இருக்கிறது. இறந்தவர் கணக்கை வங்கி மூடி வைத்துவிடும். நீதிமன்றம் சொத்து நிர்வாகியை நியமித்த பிறகே பணம் வெளியே வரும், அதற்கு மாதங்கள் ஆகும். கணவனும் இல்லை, பணமும் இல்லை, தங்கும் அனுமதியும் இல்லை, படிக்கத் தெரியாத மொழியில் நீதிமன்றக் காகிதம். எனக்கு ஸ்டென்ட், அவளைவிட ஆறு வயது கூடுதல். யார் முதலில் போவோம் என்பதற்கு ஜோசியம் பார்க்கத் தேவையில்லை. மகள் மெல்போர்னில். இரண்டு நாட்டிலும் இல்லை.

ஆகவே என் மதிப்பெண்: விண்ணப்பிப்பவருக்கு ஐந்துக்கு நான்கு. வாலில் கட்டப்பட்டவருக்கு ஐந்துக்கு ஒன்றரை. அந்த ஒன்றரையும் ஜன்னலில் இருப்பவர்களின் மரியாதைக்காக.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, போய்விடுவதுதான் நியாயம் என்ற முடிவோடு மார்ச் மாதம் ஒரு மாலை அவளிடம் படித்துக்காட்டினேன். வெளியே புகை. அவள் கறிவேப்பிலைத் தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள், சாம்பல் படிந்த இலை இலையாக.

“நீங்கள் போனபின் நான் என்ன செய்வேன் என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்களா?” என்றாள்.

“உனக்காகத்தான் சொல்கிறேன்.”

“எனக்கு அங்கே இருப்பவர்கள் யார்? தம்பி வீட்டு மாடி. அதுவும் மருமகள் வந்தபின் யார் கையில் இருக்குமோ. இங்கே காலையில் பா கதவைத் தட்டவில்லை என்றால் எனக்குப் பொழுது விடியாது. அந்த ஜன்னலில் என்ன புலியா உட்கார்ந்திருக்கிறது? எனக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. என் பெயரில் போட்டுக் கொடுங்கள்.”

அறுபத்தொன்று என்று திருத்த வாய் வந்தது. பேசாமல் இருந்துவிட்டேன்.

நான் யோசிக்காத கோணம் அது. வாலாக இல்லாமல் அவளே தலையாக. விதியில் இடம் இருக்கிறது. அவள் பெயரில் தனியாக 8 லட்சம், தனி விண்ணப்பம். ஆனால் வீட்டில் மொத்தம் 16 லட்சம் பாட் பூட்டப்படும். எங்கள் சேமிப்பில் அது மிகப் பெரிய பங்கு. பித்தப்பை போல இன்னொன்று வந்தால் அந்தத் தாய்க்காரரின் வாசலில்தான் மறுபடி நிற்க வேண்டும். சேமிப்பைப் பூட்டிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருப்பது எவ்வளவு புத்திசாலித்தனம் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எனக்கும் பதில் தெரியாது. சொந்த வீடு வாங்கிக் குடியேறலாமே என்றால், வெளிநாட்டவர் நிலம் வாங்க முடியாது. அடுக்குமாடியில் ஒரு வீடு வாங்கலாம், கட்டடப் பரப்பில் 49 விழுக்காடு வரைதான் வெளிநாட்டவர் கையில் இருக்கலாம் என்ற வரம்புக்குள். எங்களுக்கு மாதம் 9,000 பாட் வாடகையும் பாவும் போதும்.

வைப்புத்தொகை விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பே கணக்கில் கிடக்க வேண்டும் என்பதால் செப்டம்பர் தொடக்கத்தில் அவள் பெயரில் கணக்கு திறந்தோம். 2024-க்கு முந்தைய சேமிப்பிலிருந்து பணம் வந்து சேர்ந்தது. அவள் அப்பா பெயரைப் பின்னால் போடுகிறார்களா என்று நான் நின்று பார்த்துக்கொண்டேன். டிசம்பரில் ஜன்னலில் என்ன சொல்வார்களோ, அதைப் பொறுத்துத்தான் மற்றது. தாள் ஏதாவது இடித்தால் எழுபதுவரை காத்திருக்கமாட்டோம், கோடையில் கிளம்பிவிடுவோம் என்று இருவரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம். பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூன் மாதம் மகளுக்குப் பிரசவம். மறுநுழைவு அனுமதி வாங்கிக்கொண்டு என் மனைவி மட்டும் போய் ஜூலை 3 அன்று திரும்பினாள். அதனால் எங்கள் தொண்ணூறு நாள் கணக்குகள் முதன்முறையாகப் பிரிந்துவிட்டன. அவளுடையது செப்டம்பர் 30. 22-ஆம் தேதி திங்கட்கிழமை, நான் வரவே கூடாது என்று சொல்லிவிட்டு, படிவத்தை முந்தைய இரவே என் பழைய படிவத்தைப் பார்த்து எழுதி வைத்துக்கொண்டு, பாவின் மகனோடு போனாள். அவன் வெளியே வண்டியில் இருந்தானாம். நான் பதினொன்று வரை தோட்டத்தில் சும்மா நடந்துகொண்டிருந்தேன். 

பதினொன்றரைக்கு வந்தாள். பாஸ்போர்ட்டை மேசையில் வைத்தாள், சீட்டு பின் அடித்திருந்தது. எனக்கு அந்த அதிகாரி எப்போதும் ஓரத்தில் அடிப்பார், இவளுக்கு நடுவில் நேராக அடித்திருந்தார்.

“அடுத்தது டிசம்பர் 20. அது சனிக்கிழமை, மூடியிருக்கும். முன்னாலேயே போக வேண்டும்,” என்றாள். பிறகு சமையலறைக்குள் போய்க்கொண்டே கேட்டாள்: “உங்களுடையது நவம்பர் 11-தானே? நான் வேண்டுமானால் கூட வரட்டுமா?”